மகன் எந்த வீட்டை வீடென்றான்

14.03.1989, செவ்வாய்

ரொறன்ரோவிலிருந்து மகனின் கடிதம் வந்தது. மனைவியின் தம்பியோடு தங்கி நின்று படிக்கிறான். கிளிங்கன் என்றொரு பாஷை பழகுகிறானாம். சினிமாவில் வரும் வேற்றுக்கிரக ஆட்களுக்காக உண்டாக்கினதாம். அதில் ‘துக்’ என்றால் பரம்பரை வீடு, குலம். ‘ஜுஹ்’ என்றால் அன்றாடம் திரும்பிப் போய்ச் சப்பாத்துக் கழற்றுகிற வீடு. “அப்பா, ஊர் வீடு எனக்குத் துக். மாமா வீடுதான் ஜுஹ்” என்று எழுதியிருக்கிறான்.

அனலைதீவுப் புகையிலையை வள்ளத்தில் ஏற்றி விற்று நாரந்தனையில் நான் கட்டின வீடு இது. மச்சான் இருப்பது வாடகை அறையில்.

குசினிக்குப் போய்க் கத்தினேன். “உம்மடை தம்பி என்ரை பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கிறான்.”

அவள் மீன் வெட்டிறதை நிப்பாட்டவில்லை. “அவனிலை ஏனப்பா பாயிறியள்? இந்த வீட்டை மகளுக்குச் சீதனமாய் எழுதினது நீங்கள்தானே. பெடியன் வேறை எதைத் தன்ரை வீடெண்டு சொல்லுறது?”

ஊர் வழக்கம் அது, பெண்ணுக்குத்தான் வீடு. பெடியனுக்கு என்று பார்த்தால் என் புகையிலைக் கடை மட்டும்தான் இருக்கிறது. கடையை ஒருவரும் வீடென்று சொல்வதில்லை.

மச்சானுக்கு நாலு வார்த்தை சூடாக எழுத இருந்தேன். ‘பிள்ளையைக் கவனமாய்ப் பார்த்துக்கொள்ளும்’ என்பதற்கு மேல் பேனை ஓடவில்லை.