நீலம் அடித்த சுவர்

என் பெரியவளுக்கு,

அம்மா சொல்வது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றுதான் என் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். என் கை முழுக்கச் சுண்ணாம்பு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அக்கா, எழுத்து என்னுடையது, புலம்பல் அம்மாவுடையது.)

நீ போனபோது இங்கே மணலும் கடல்பாலமும் தகரக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் நம் வீடும்தானே. இப்போது வங்கி, பள்ளிக்கூடம், எதிரே தங்கும் விடுதி, அதை ஒட்டிச் சலவைக் கடை. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. (அதனால்தான் இன்னும் சண்டை வரவில்லை.) ஆனாலும் பெரிய கப்பல் ஒன்றும் வராததால் இந்தத் துறைமுகம் தேறாது என்றே பேச்சு. போன வாரம்தான் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, அதை உள்ளே கொண்டுவர வழிகாட்டியாக அப்பாதான் படகில் போய் ஏறினார். அது மணல்திட்டில் தட்டினால் அப்புறம் ஒரு கப்பலும் எட்டிப் பார்க்காது, ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இங்கே இன்னும் அடையாளக் கம்பம் நடவில்லை. நம் வீட்டு வெள்ளைச் சுவரும் பின்னால் மேட்டிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் தெரிந்தால் கப்பல் நேராக வரலாம், அதுதான் அப்பா கணக்கு, உனக்கே தெரியும். அந்தச் சுவருக்கு, நீ வரப்போகிறாய், சின்ன வயதிலிருந்து நீல வீடு கேட்டாயே என்று, முந்தின நாள்தான் மனிதர் தன் கையாலேயே நீலம் அடித்திருந்தார். (ஊரிலேயே முதலில் கட்டின வீடு, கடலிலிருந்து பார்த்தால் நீலத்தோடு நீலமாக முதலில் காணாமல் போன வீடும் அதுதான்.)

காலையில் பார்க்கிறேன், கப்பல் துறைமுக வாசலில் நின்று மூக்கை இப்படியும் அப்படியும் திருப்புகிறது, உள்ளே வரவில்லை. உன் தங்கைதான் சுவரைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா நம்ம வீட்டைத் தேடுறாரும்மா" என்றாள். கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு மாடிக்கு ஓடித் தொங்கவிட்டேன், அது எந்த மூலைக்கு. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கடலைக் காட்டினேன், சுவரைக் காட்டினேன், அவ்வளவுதான், வீட்டிலிருந்த வெள்ளைத் துணியெல்லாம் அள்ளி வந்தாள். சலவைக் கடைக்காரர் விடுதி விரிப்புகளை ஈரத்தோடு சுமந்து வந்தார், வங்கி மேலாளர் ஏணி பிடித்தார். (ஒரு மாமி பூப்போட்ட விரிப்போடு வந்தார், நல்லவேளை தடுத்தோம், கப்பல் பூந்தோட்டம் என்று வேறெங்காவது போயிருக்கும்.) சுவர் வெளுத்ததும் கப்பல் மெதுவாக நம் பக்கம் திரும்பி, நேராக வந்து பாலத்தில் அணைந்தது. அப்பா இறங்கி வந்து அத்தனை பேர் முன்னால் கைகூப்பி நின்றார். முன்பின் தெரியாத சனம், இவர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் சொல்.

இன்னும் இரண்டு கப்பல் வருவதாகச் சேதி. அதனால் சுவருக்கு மறுபடி வெள்ளை அடிக்கிறேன், நீலம் உன் அறைக்குள் மட்டும், கோபித்துக்கொள்ளாதே. கப்பல் பயணத்தில் வெறும் வயிற்றோடு இருக்காதே, தலை சுற்றும். துறைமுகம் நெருங்கும்போது மறக்காமல் மேல்தளத்துக்கு வந்து சுவரையும் தொட்டியையும் பார். விரிப்புகளைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று, ஒன்று மட்டும் மிச்சம், யாரைக் கேட்டாலும் என்னுடையது இல்லை என்கிறார்கள். ஊர் கொடுத்தது என்று உன் கட்டிலில் விரித்து வைத்திருக்கிறேன்.

ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர், என் கண்ணே.

வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா

(அப்பாவிடம் இப்போது தூரிகை கொடுப்பதில்லை.)