பத்து நாற்பதுக்கு எடுத்த படம்

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே நான், அப்பா, அக்கா மூன்று பேரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசலாமே என்று கேட்பாய். கப்பல் போன் கேப்டன் அறையை ஒட்டி இருக்கிறது என்று நீதானே சொன்னாய், அதனால் அடுத்த துறைமுகத்து ஏஜென்ட் முகவரிக்குக் கடிதமாகவே அனுப்புகிறேன். நிதானமாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் நல்ல செய்தி. எங்கள் செயற்கைக்கோள் மேலே போய் ஐந்து வாரம் ஆகிறது, ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. ஆறு வருஷ உழைப்பு, பார்த்தால் ஒரு சூட்கேஸ் அளவுதான். உள்ளே மேசை இழுப்பறை மாதிரி தனித்தனிப் பெட்டிகள், ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், மற்றதைத் தொடவே வேண்டாம். ஒரு பெட்டி கப்பல்கள் தங்கள் எண்ணையும் இடத்தையும் சொல்லி அனுப்பும் சிக்னலைக் கேட்கும், இன்னொன்று கடலைப் படம் எடுக்கும். படத்தில் இருக்கிற கப்பல் சிக்னலில் இல்லை என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது. கடைசிப் பெட்டியில் மடித்து வைத்த மெல்லிய படுதா, ஆயுள் முடிந்ததும் அது விரிந்து கோளைக் கீழே இழுத்து வந்து எரியவிடும், வருஷக்கணக்கில் மேலே குப்பையாகச் சுற்றாது. அதை எடுத்துவிட்டு இன்னொரு கேமரா வைக்கலாம் என்று எங்கள் டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றார். நான் இரண்டு காலிலும் நின்றேன், படுதாதான் மேலே போனது.

இதெல்லாம் வேலை செய்கிறது என்று காட்ட ஒரு கடல் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான்கு இடம் கைவசம் இருந்தது, உன் கப்பல் போகிற வழியைத் தேர்ந்தெடுத்தது நான். கேட்டவர்களிடம் அங்கே போக்குவரத்து அதிகம் என்றேன். உண்மையில் உன்னைப் பார்க்கிற ஆசை, அவ்வளவுதான். உன் கப்பலின் ஒன்பது இலக்க எண் எனக்கு உன் போன் நம்பரைவிட நன்றாகத் தெரியும், பன்னிரண்டு நாளும் காலையில் அதைத் திரையில் பார்த்த பிறகுதான் டீ குடித்தேன். பதிமூன்றாம் நாள் உங்கள் நேரம் காலை எட்டே காலுக்குப் பிறகு எண் இல்லை. கப்பல் மூழ்கிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு பத்து நாற்பதுக்கு எடுத்த படம் வந்தது. கப்பல் முழுசாக இருக்கிறது, நன்றாகப் போய்க்கொண்டும் இருக்கிறது, அதன் பின்னால் பதினோரு கிலோமீட்டருக்கு எண்ணெய்ப் படலம். அப்பாடா என்று விட வந்த மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது.

எங்களிடம் படங்களை அளக்கிற பெண் ஒருத்தி, ஸ்கேல் என்று கூப்பிடுவோம், "மேடம், இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கெடைக்காது" என்று துள்ளினாள். அறையே கைதட்டியது, நானும் தட்டினேன். மத்தியானம் டைரக்டரிடம் போய், அந்தக் கப்பலில் மூன்றாம் அதிகாரி என் மகன் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அந்த ஒரு படத்தை விட்டுட்டு மத்ததை வெச்சுக் காட்டிடலாம், யாருக்கும் தெரியாது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத் தெரியுமே என்றேன். அளவெடுக்கும் வேலையிலிருந்து நான் ஒதுங்கிக்கொண்டேன், ஸ்கேல் தனியாக மூன்று முறை அளந்தாள். திங்கட்கிழமை அறிக்கை கடல் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போய்விட்டது. போன பிறகுதான் உனக்கு எழுதுகிறேன், முன்னால் எழுதியிருந்தால் உன்னைத் தப்பிக்கச் சொன்ன மாதிரி ஆகியிருக்கும்.

படம் வந்த அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவர் இல்லையா, படத்தைப் பார்க்காமலே, "கழிவுத் தண்ணியில எண்ணெய் பிரிக்கிற மெஷின் ரிப்பேர் ஆயிருக்கும், சரி பண்ண சோம்பல்பட்டு நேரா வெளியில தொறந்து விட்டிருக்கானுங்க" என்றார். அப்புறம், "எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மேல டியூட்டியில நிக்கிறது நம்ம பயதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கண்ணா, அது உன் நேரம். சிக்னலை அணைக்கிற சுவிட்ச் உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அணைத்தது நீயா, அணைக்கச் சொன்னது யார், எனக்குத் தெரியாது, மேலே சுற்றுகிற பெட்டிக்கும் தெரியாது. அதிகாரிகள் கப்பலுக்கு வந்து கேட்பார்கள். கேப்டன் சொன்னார் என்றால் கேப்டன் சொன்னார் என்று சொல். உன் கையால் அணைத்தாய் என்றால் அதையும் சொல். சிக்னல் தானாகக் கெட்டுப்போனது என்று எல்லோரையும் ஒரே பாட்டுப் பாடச் சொல்வார்கள், நீ கூடச் சேர்ந்து பாடாதே. உன் சான்றிதழ் போனாலும் போகலாம். அதற்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், அதை நினைத்து நேற்றுக்கூட அழுதேன். ஆனாலும் அறிக்கையைத் திரும்ப வாங்க மாட்டேன். வேலை போனால் வீட்டுக்கு வா, உன் அறையில் பாதியை அக்கா தன் துணிமணிக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், துரத்திவிடலாம். பொய் சொல்லித் தப்பித்து வந்தாலும் கதவைத் திறப்பேன், அம்மாதானே, ஆனால் உன் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்றுதான் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை யார் கேட்டாலும் காட்டு, ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

நல்ல உடம்போடும் நிமிர்ந்த தலையோடும் நீ கரைக்கு வந்து சேர வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கிறது. காதுக்குச் சொட்டு மருந்து போட மறக்காதே, காற்று அடிக்கும்போது தொப்பியை இறக்கிக் கட்டிக்கொள். இன்று காலை உன் கப்பலின் எண் மறுபடி திரையில் வந்தது, நான் யார், எங்கே இருக்கிறேன் என்று அது ஒழுங்காகச் சொல்லிவிட்டது. இனி நீ சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

உன் மேல் கண்ணாகவே இருக்கும்
அம்மா