தெரிஞ்சவர் கையெழுத்து

1961 டிசம்பர், செவ்வாய் ராத்திரி.

கணப்புப் புகை வெளியே போறதுக்குச் சிம்னி கட்டுன கூலியை மலை பங்களா துரைசானி கோடு போட்ட செக்காக் குடுத்துட்டாங்க. பேங்குல கணக்கு இருந்தாத்தான் காசாகுமாம். கணக்குத் தொடங்கப் போனேன். "உன்னைத் தெரிஞ்ச கணக்குக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும்"னான் மானேஜர். "வருசா வருசம் உங்க வீட்டுச் சிம்னியைச் சுத்தம் பண்றவன் நான்தானுங்களே"ன்னேன். "எனக்கு உன்னைத் தெரியாதுப்பா"ன்னான். நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

பொழுது சாய அவன் பியூன் என் வாசல்ல வந்து நிக்கான். "வீடு பூராப் புகை. மானேஜர் ஐயா வெரசா வரச் சொன்னாக."

"எந்த ஐயா? எனக்குத் தெரியாதே. தெரிஞ்சவங்க யார்கிட்டயாச்சும் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லு"ன்னு கதவைச் சாத்துனேன்.

செக்கு இன்னும் வெறுங்காயிதந்தான். இங்கேருந்து பார்த்தா அந்த ஆளு வீடு தெரியுது. இந்த உறைபனியில எல்லாச் சன்னலும் தொறந்து கெடக்கு. கெடக்கட்டும்.