தானே நிமிர்ந்த உடம்பு

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் பந்தய நாற்காலியில் இருபது கிலோமீட்டர். தோள்பட்டையில் வலி. பந்தயக் கையுறையின் கட்டைவிரல் பக்கம் மறுபடியும் பிய்ந்துவிட்டது. ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 10, புதன்

இதை எப்படி எழுதுவது?

அடுப்பு மேடையிலிருந்து பால் பாத்திரம் சரிந்தது. எட்டிப் பிடித்துவிட்டேன். பிடித்ததில் அதிசயமில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன் — அதுதான். விபத்து நடந்து பதினோரு வருடமாக, எதை எடுக்கக் குனிந்தாலும் ஒரு கை சக்கர நாற்காலியைப் பற்றியிருக்கும். பற்றாவிட்டால் மூட்டை மாதிரி முன்னால் கவிழ்ந்துவிடுவேன். மார்புக்குக் கீழே என் உடம்பு என் பேச்சைக் கேட்டதே இல்லை. இன்று குனிந்த உடம்பு தானே நிமிர்ந்து வந்தது.

என் வீட்டுக்காரர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ பண்ணு" என்றார். பண்ணினேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். லேத் பட்டறையில் இரும்பு கடைகிற கை, மெல்ல அழுத்தியது. "உள்ள ஏதோ இறுகுதும்மா" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

நானும் அழுதேன். ஆனால் இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை. பயம்.

ஜனவரி 12, வெள்ளி

நரம்பு மருத்துவர் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வயிற்று நரம்பில் நூலளவு உயிர் முன்பே இருந்திருக்குமாம். யாரும் கவனிக்கவில்லை. இத்தனை வருடப் பயிற்சியில் அது தேறி எழுந்திருக்கிறது. எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார் மனிதர்.

அங்கிருந்து நேரே பயிற்சியாளரிடம். அவர் முகம் விழுந்துவிட்டது. விழாதா? எண்ணூறு மீட்டரில் என் உலக சாதனை, வயிற்றுத் தசை வேலை செய்யாதவர்களின் பிரிவில். வேலை செய்தால் மேல் பிரிவு. அங்கே என் நேரத்துக்குக் கடைசி இடம்தான். உடம்பில் மாற்றம் தெரிந்தால் நாமே எழுதிக் கொடுத்து மறுபரிசோதனை கேட்க வேண்டும். அது விதி.

"உலகப் போட்டிக்கு ரெண்டே மாசம். அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க. வீட்டுக்குள்ள பாத்திரத்தப் புடிச்சது யாருக்குத் தெரியப்போகுது?"

ஏழு வருடம் மழையிலும் வெயிலிலும் எனக்காக நின்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜனவரி 15, திங்கள்

கண் விழித்ததும் முதல் வேலை, வயிற்றில் கை வைத்து இருமிப் பார்ப்பது. இருக்கிறது. இன்றும் இருக்கிறது.

ஜனவரி 18, வியாழன்

உதவித்தொகை அலுவலகத்தில் கூட்டம். வருடா வருடம் எல்லோரும் நேரில் வந்து ஊனத்தைக் காட்ட வேண்டும் என்ற விதியை எடுக்கச் சொல்லி எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கம் நாலு வருடமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாத தையல்காரம்மா என் காதருகே, "போன வருஷம் இல்லாத காலு இந்த வருஷம் மொளச்சிருக்கான்னு பாக்கறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிகாரி என்னைத்தான் கேட்டார். "நீங்களே சொல்லுங்க மேடம். ஒடம்பு தேறிட்டா, தேறிடுச்சுன்னு எத்தன பேரு தானா வந்து சொல்லுவாங்க?"

  எங்களை நம்புங்கள் என்று ஊர் ஊராகப் பேசிய வாய் இது. தையல்காரம்மா வேறு என்னையே பார்க்கிறார்.

"நான் சொல்லுவேன் சார்."

அவர் அதைப் பேச்சு சாமர்த்தியம் என்று நினைத்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் மறுபரிசோதனைக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். பயிற்சியாளர் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

மறுபரிசோதனை. மூன்று பேர் குழு. கால் தரையில் படாத உயரத்தில் உட்காரவைத்து, சாயச் சொன்னார்கள், திரும்பச் சொன்னார்கள், நிமிரச் சொன்னார்கள். வயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், பழைய பிரிவிலேயே இருக்கலாம். கடங்காரி, ஒரு நிமிடம் அதையும் நினைத்தாயே! தளர்த்தவில்லை.

மேல் பிரிவு. குழுவின் மூத்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தானா வந்து கேட்டவங்கள இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பயிற்சிக்குப் போகவில்லை, வீட்டிலேயே கிடந்தேன். இவர் மட்டும் அடிக்கடி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். இந்த ஆளுக்குப் பதக்கம் ஒரு பொருட்டே இல்லை.

மார்ச் 16, சனி

உலகப் போட்டி. என் பழைய பிரிவில் தங்கம் வேறொருத்திக்கு. கைதட்டினேன். வலித்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மாலையில் என் பந்தயம். மேல் பிரிவில் எங்கள் நாட்டுக்கு ஓர் இடம் காலியாக இருந்ததால் கிடைத்தது. முதல் வளைவிலேயே ஏழு பேரும் முன்னால் போய்விட்டார்கள். நாற்காலி வெளிப்பக்கமாக இழுத்தது. அந்த இடத்தில் என் உடம்பு எப்போதும் வாரில் கட்டிய சுமைதான். வண்டி இழுத்த பக்கம் போகும். இன்று உள்பக்கம் சாய நினைத்தேன். சாய்ந்தது. நான் நினைத்தேன், அது சாய்ந்தது! பதினோரு வருடம் கழித்து என்னிடம் திரும்பி வந்த இத்துனூண்டு தசை — அதை வைத்துக்கொண்டு நான்கு வளைவிலும் சாய்ந்தேன். வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன். கடவுளே, எப்பேர்ப்பட்ட உடம்பு இது.

எட்டாவது. எட்டுப் பேரில்.

வெளியே வந்தால் பயிற்சியாளர் நிற்கிறார். இரண்டு மாதமாகப் பேசாத மனிதர். நேரக் கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் உலக சாதனையைவிட ஒன்றேகால் நொடி குறைவு.