பழைய மால் எதிரில்

கடைக்குப் புதுப் பைக்கட்டு வந்திருக்கிறது. பிரித்ததும் மை வாடை குப்பென்று அடித்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். என் ஜவுளிக்கடைப் பெயருக்குக் கீழே 'பழைய மால் எதிரில், அறந்தாங்கி' என்று போட்டிருக்கிறான் மகன். பையைத் தூக்கி எறிந்தேன். செத்தும் என்னை நிம்மதியாக விடமாட்டாயாடா?

நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்த சிநேகிதர்கள். நீ துபாய் போனாய், நான் அப்பாவின் கடையில் உட்கார்ந்தேன். திரும்பி வந்து என் கடைக்கு நேர் எதிரே மால் கட்டினாய். திறப்பு விழாவன்று ஊரே அங்கிட்டுத்தான். நகரும் படிக்கட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி கால் வைத்தார்கள் நம் ஜனங்கள். மேலே போய் வெறுங்காலோடு முழித்தார்கள். நீ ஆள் வைத்துச் செருப்புகளை மேலே அனுப்பினாய். அந்தக் கூட்டத்தில் என் பெண்டாட்டியும் இருந்தாள். "ஏங்க, ஒரு தடவ ஏறிப் பாருங்க, என்னா ஜில்லுன்னு இருக்கு!" என்றாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நான் ஏறவே இல்லை.

ஏறினவர்கள் வாங்கவும் இல்லை. நம்மூரில் சேலை எடுப்பதென்றால் பாயில் உட்கார்ந்து, அடுக்கில் உள்ளதையெல்லாம் விரிக்கச் சொல்லி, விலையில் இழுத்துப் பிடிக்க வேண்டும். உன் மாலில் ஒட்டின விலைதான் விலை. ஏசி காற்று வாங்கிவிட்டு என் கடைக்கு இறங்கி வந்தார்கள். கீழே இருந்த பெரிய மளிகைக்கடை முதலில் காலி செய்தது. அதற்காக வந்த கூட்டமும் நின்றதும், மாடிக் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. போனில் ஆர்டர் போடுகிற பிள்ளைகள் மிச்சத்தையும் முடித்தார்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து படிக்கட்டை நிறுத்தினாய்.

கடைசியில் மாலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாய். "நீ ஜெயிச்சுட்டடா மாப்ள" என்று சிரித்தாய். தோற்றவன் அப்படிச் சிரிக்கலாமா? அதற்கும் பொறாமைப்பட்டேன். மறுவருஷம் நீயே போய்விட்டாய்.

எங்கேடா ஜெயித்தேன்? "மால்லாம் எறங்கு!" என்றுதான் கண்டக்டர்கள் இன்னமும் கத்துகிறார்கள். எங்கள் கடை அப்பா காலத்துக் கடை. அதன் பெயரைச் சொல்லி ஒருத்தரும் இறங்கியதில்லை.

மகனிடம் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். "அதப் போடலைன்னா நம்ம கடைய யாருக்குப்பா தெரியும்?" என்கிறான்.

சாயங்காலம், எறிந்த பையை நானே எடுத்துச் சாப்பாட்டுத் தூக்கை அதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக ஆவுடையார்கோவில் பஸ்ஸில் ஏறினேன்.

"எங்க ஏறுனீங்க?" என்றான் கண்டக்டர்.

"மால்" என்றேன்.