நாற்பத்தோராம் பக்கத்துக் கை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சொட்டு எழுதுகிறேன். நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அப்பா போய் மூன்று வருடமாகிறது. அன்றைக்கு வாசலில் வைத்து, "போனதும் போன் பண்றேன்க்கா" என்றேன். நான் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. முட்டிவலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் உன் மாவுக்கட்டு அறைக்கு ஒரு நாற்காலியாவது கொடுத்தார்களா, இல்லை இன்னும் நின்றபடியேதான் ஊர்ப்பட்ட கைகால்களுக்கெல்லாம் கட்டுப் போடுகிறாயா?

இதோடு ஒரு பார்சல் வரும். பயப்படாதே, பாடப்புத்தகம் இல்லை. இருபத்தைந்து வருடமாகப் பாடப்புத்தகங்களுக்குத் தவளையின் குடலையும் பூவின் மகரந்தத்தையும் வரைந்துகொண்டிருக்கும் உன் தம்பி, ஏழு வருடமாக வேலை முடிந்து வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வரைந்திருக்கிறான். நூற்று அறுபது பக்கம். நம் இருவரின் கதைதான். கட்டிலுக்கு அடியில் காமிக்ஸ் அடுக்கி வைத்து, அட்டை கிழிந்ததையெல்லாம் பசை தடவி ஒட்டி, ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் குப்புறப் படுத்துப் படித்த கதை. நீ உண்டாக்கிய குடைமாமாவும் வருகிறார்.

நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் உட்கார்ந்துகொள். நீ பன்னிரண்டு பக்கம் வரைந்த குடைமாமா கதையை நான் என் பெயரில் சிறுவர் பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பியது அதில்தான் இருக்கிறது. முதல் பரிசு வந்தது. அந்தப் பரிசைப் பார்த்துத்தான் அப்பா பிற்பாடு என்னை ஓவியக் கல்லூரியில் சேர்த்தார். உன்னிடம், "வீட்டுக்கு ஒரு ஆள் படம் போட்டாப் போதும்மா" என்றார். நீ தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போனாய். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் முகம் எரிகிறது.

நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் வரைந்தேன். ஜூலை கடைசியில் அச்சுக்குப் போகவேண்டும் என்கிறார்கள் பதிப்பகத்தில். நீ வேண்டாம் என்றால் இதுவும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கட்டும். உன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன்.

உன்
சொட்டு


ஜூன் 19

அன்புத் தம்பி சொட்டுக்கு,

அக்கா எழுதுவது. நலம். முட்டிவலி என்னை விடுவதாக இல்லை, நாற்காலி வருவதாக இல்லை. உன் பார்சலைப் பிரிக்க, கட்டு வெட்டுகிற கத்தரியைத்தான் எடுக்கவேண்டியிருந்தது. அத்தனை டேப். "உள்ள என்ன, திருட்டு நகையா?" என்றார் உன் அத்தான். அவருக்கு ஒன்றும் தெரியாது, விளையாட்டாகத்தான் சொன்னார்.

இரண்டு தடவை படித்தேன். மழையை நன்றாக வரைந்திருக்கிறாய். அம்மாவின் கொண்டை அம்மாவின் கொண்டையேதான். கட்டிலுக்கு அடியில் நான் முதலில் படித்து முடித்துவிட்டு, உனக்காகப் பக்கத்தைத் திருப்பாமல் காத்துக்கொண்டிருப்பேனே, அதைக்கூட விடவில்லை. அங்கே அழுதேன். சொல்வதற்கென்ன.

இப்போது நாற்பத்தொன்றுக்கு வருகிறேன். அதில் பையனுக்கு ஏழு வயது. முன்பல் விழுந்திருக்கிறது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒரு உறையை எம்பி எம்பித் தபால்பெட்டியில் போடுகிறான். பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். உனக்கு அப்போது பதிமூன்று வயது, சொட்டு. மீசை அரும்பியிருந்தது. தபால்பெட்டி உன் நெஞ்சு உயரம்தான்.

ஒவ்வொரு பக்கத்திலும் குடைக் கைப்பிடிக்குள் என் பெயரைப் பொடியாக எழுதுவேன், ஞாபகம் இருக்கிறதா? போட்டி முடிந்து தாள்கள் திரும்பி வந்தபோது முதலில் அங்கேதான் பார்த்தேன். பெயர் இல்லை. தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருந்தது. பிளேடால் சுரண்டியிருந்தாய். ஏழு வயதுப் பையன் பன்னிரண்டு பக்கம் உட்கார்ந்து பெயர் சுரண்டமாட்டான்.

அன்று சாயங்காலம் அப்பா உன் தலையில் கையை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம், "என் பையன் போட்டது" என்று சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதற்காக என்னைப் பெரிய தியாகி ஆக்கிவிடாதே. வருடக்கணக்காக உன்மேல் எரிச்சலாக இருந்தேன், உன் கல்யாணத்தன்று உட்பட. ஊமை மாதிரி நின்றேனே என்று என்மேலும் வெட்கம்தான்.

இன்னொரு விஷயம். நூற்று அறுபது பக்கத்தில் ஒருத்தருக்கும் கை இல்லை. எல்லோருடைய கையும் சட்டைப்பையில், முதுகுக்குப் பின்னால், மேசைக்கு அடியில். உறை போடுகிற பையனின் கைகூடத் தபால்பெட்டியின் வாய்க்குள். கை வரையத் தெரியாமல் அப்படி ஒளித்துவைத்தவள் பதினைந்து வயதில் நான். அதையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய்.

புத்தகம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்த ஏழு வயதுப் பையனோடு வரட்டும் என்றும் சொல்லமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா


ஜூலை 2

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் மேசைப் பக்கமே போகவில்லை. "என்ன, அக்கா திட்டிட்டாங்களா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். "திட்டியிருந்தாப் பரவாயில்லையே" என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கூடத்துச் சுவரில் அந்தப் பரிசுச் சான்றிதழ் மாட்டியிருந்தது உனக்குத் தெரியும். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அவள்தான் பெருமையாகக் காட்டுவாள். ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றி, தூசி துடைத்து, என் மேசைமேல் குப்புற வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் நான் வரைந்தது பதிமூன்று வயதுப் பையனைத்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திருத்தும்போதெல்லாம் ஒரு வயதைக் குறைத்தேன். ஏழுக்கு வந்ததும் எனக்கே அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிட்டேன். ஒப்புக்கொள்கிற பக்கத்திலேயே ஏமாற்றியிருக்கிறேன்.

உனக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். பிளேடு அப்பாவின் ஷேவிங் பெட்டியிலிருந்து எடுத்தது. ஆறாம் பக்கத்தில் அழுத்திச் சுரண்டி ஓட்டை விழுந்துவிட்டது. பின்னால் காகிதம் ஒட்டி, மறைப்பதற்காகக் குடை முழுவதையும் மையால் கறுப்பாக்கினேன். "ஆறாம் பக்கத்துக் கறுப்புக் குடை நல்ல கற்பனை" என்று பரிசுக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். மொத்தக் கதையிலும் நான் செய்த ஒரே வேலை அதுதான்.

கை விஷயமும் நீ சொன்னதுதான். கல்லூரியில் எப்படியோ ஒப்பேற்றினேன். அலுவலகத்தில் கை வரையவேண்டி வந்தால் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிட்டு, அவருடைய தவளையை வாங்கிக்கொள்வேன்.

நாற்பத்தொன்றை மாற்றி வரைந்துவிட்டேன். பதிமூன்று வயது, மீசை, முன்னால் குடைமாமா தாள். ஆனால் கையை ஒளித்துக்கொண்டு பெயர் சுரண்ட முடியாதே. முப்பது தடவை போட்டுப் பார்த்தேன். ஒன்று கையுறை மாதிரி வருகிறது, இல்லை வாழைப்பழச் சீப்பு மாதிரி வருகிறது. கடைசியில் மணிக்கட்டோடு நிறுத்தி, மீதியை வெள்ளையாக விட்டுவிட்டேன். தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

நீ வரைந்து தருவாயா என்று கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அச்சுத் தேதி போனால் போகட்டும். மனசில்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிடு, ஏன் என்று கேட்கமாட்டேன்.

வெட்கத்துடன்
சொட்டு


ஆகஸ்ட் 11

சொட்டுக்கு,

வேலை அதிகம், அதனால் தாமதம் என்று எழுதலாம். அது பொய். முதல் மூன்று வாரம் வேண்டுமென்றேதான் எழுதாமல் இருந்தேன். நீயும் கொஞ்சம் காத்திரு என்று தோன்றியது.

நானும் உனக்கு ஒன்று சொல்லவில்லை. கட்டுப் போடும்போது பிள்ளைகள் ஊரைக் கூட்டுவார்கள். மாவு காய்ந்ததும் அதன்மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கதை போட்டுக் கொடுப்பேன். முழங்கையில் ஆரம்பித்து மணிக்கட்டைச் சுற்றி வந்து முடியும், நாலே கட்டம். கையைத் திருப்பிப் பார்த்தால்தான் முடிவு தெரியும். குடைமாமாதான் வருவார். ஆறு வாரம் கழித்து நானே வெட்டி எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவேன். முப்பத்துநாலு வருடமாக இதுதான் நடக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு வெட்கம் ஒரு மாதிரி என்றால் எனக்கு வேறு மாதிரி.

இத்தனை கைகளைப் பிடித்துப் பிடித்து, கை எங்கே மடங்கும், எங்கே உடையும் என்று எனக்குப் பழகிவிட்டது. இப்போது குடைமாமா குடையைக் கையில்தான் பிடித்திருக்கிறார்.

உன் தாளை முடித்துவிட்டேன். உன் பையன் வலது கையை நீட்டிக்கொண்டிருந்தான். நீ இடது கைக்காரன், சும்மா கிடந்த கையைப் பார்த்து வரைந்தாயா? வலது மணிக்கட்டை அழித்துவிட்டு இடது கையில் பிளேடைக் கொடுத்திருக்கிறேன். கட்டைவிரல் நகத்தில் மைக்கறை இருக்கிறது. ஆள்காட்டி விரலில் ஒரு வெட்டு, நீளமாக. அந்த வாரம் நீ விரலில் ரத்தம் சொட்ட என்னிடம் வந்து, "கதவுல மாட்டிக்கிட்டேன்க்கா" என்றாய். கழுவி, துணி கிழித்துச் சுற்றிவிட்டேன். ராத்திரி சாப்பாட்டை ஊட்டிக்கூட விட்டேன். தாள்கள் திரும்பி வந்த அன்றைக்குத்தான் எந்தக் கதவு என்று தெரிந்தது. நான் போட்ட முதல் கட்டு அதுதான், சொட்டு.

கைப்பிடிக்குள் என் பெயர் பாதி போய், பாதி இருக்கிறது. அதை அப்படியே அச்சடிக்கச் சொல். அட்டையில் என் பெயரையும் போடுகிறேன் என்று ஆரம்பிக்காதே. ஏழு வருடம் உட்கார்ந்தது நீ, அது உன் புத்தகம்.

மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் எழுதியிருப்பேன். கையை வரைகிறபோது கோபம் வரவில்லை, அந்த விரல் வலித்திருக்குமே என்றுதான் இருந்தது. வரைந்து முடித்துக் காயவைத்த பிறகு கோபம் வந்தது. மறுநாள் மறுபடி எடுத்துப் பார்த்தேன், குறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. மற்ற பக்கத்து ஆட்களுக்கும் கை வேண்டுமென்றால் தாள்களை எடுத்துக்கொண்டு நீயே வா. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன், வரைவது நீதான். டேப் சுற்றாதே. அந்த விரலில் தழும்பு இருக்கிறதா என்று நான் பார்க்கவேண்டும்.

அக்கா