இருபத்தோரு பெண்களின் விரலசைவு

அன்புள்ள மேடம்,

நீங்கள் காலமான பிறகு உங்கள் அறையைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. கடைசி மாணவி நான்தான் என்பதால் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஜன்னலோரக் கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

உங்கள் கணினியில் ஒரு கடிதம் பார்த்தேன். தக்காளியைத் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனி எழுதியது. கைதேர்ந்த பெண்களின் விரலசைவுப் பதிவுகள் கிடைத்தால் இயந்திரத்துக்கு அதைக் கற்றுக்கொடுக்கலாம், தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். தேதியைப் பார்த்தேன். நான் உங்களிடம் நேர்முகத்துக்கு வந்ததற்கு ஒரு மாதம் முன்பு.

அன்று நீங்கள் மூளையைப் பற்றியோ நரம்பைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "பாலக்கோடா? மண்டியில தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்றீர்கள். சித்தி அங்கேதான் தக்காளி பிரிக்கிறாள் என்றேன். சிரித்தீர்கள். இடம் கிடைத்தது. இத்தனை வருடமும் அதை என் அதிர்ஷ்டம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, மேடம். நீங்கள் எடுத்துக்கொண்டது என்னையா, என் ஊரையா?

ஒரு கை எதையாவது எடுக்க நீளும்போது மூளை எந்தக் கணத்தில் முடிவெடுக்கிறது என்ற ஒரே கேள்வியோடு உங்களுக்கு வெளிநாட்டில் பாதி வாழ்க்கை, பெங்களூரில் மீதி வாழ்க்கை. உங்களிடம் சேருகிற ஒவ்வொருவரும் முதலில் தன் கையிலேயே சென்சாரைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும். நான் வயர்களோடு தயிர்சாதம் சாப்பிட்டதைப் பார்த்து, அடுத்தவர் கையில் கட்டுவதற்கு முன் அது எப்படி உறுத்துகிறது என்று தெரிந்துகொள் என்றீர்கள். பெரிய மனசு என்று நினைத்தேன். இப்போது அதையும் சந்தேகப்படுகிறேன். அடுத்தவர் கையை வாங்குவதற்கு அதுவும் ஒரு வழியோ?

பாலக்கோட்டு மண்டியில் மூன்று நாள் சென்சார் மெஷினை வெளியிலேயே எடுக்கவில்லை நீங்கள். சாக்கின் மேல் உட்கார்ந்து அவர்களோடு தக்காளி பிரித்தீர்கள். "டீச்சரம்மா, நீங்க ஒரு பெட்டி முடிக்கறதுக்குள்ள காயெல்லாம் பழமாயிருமுங்க" என்றாள் சித்தி. மண்டியே சிரித்தது. நான்காம் நாள் இருபத்தோரு பேரும் கையை நீட்டினார்கள். பழத்தின் மேல் கண் போவதற்குள் அவர்களுடைய விரல் சொத்தையைத் தொட்டு ஒதுக்கிவிடுவதைத் திரையில் பார்த்துக் குழந்தை மாதிரி கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல் உண்மைதானா?

ஏன் இப்படித் துருவுகிறேன் என்றால், அன்று சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள், இதை வைத்து எங்கள் வேலைக்கு வேட்டு வைக்க மாட்டார்களே என்று. படிப்புக்கு மட்டும்தான் சித்தி என்றேன். அவள் போய் மற்றவர்களிடம் சொன்னாள். அவர்கள் உங்களை நம்பி உட்காரவில்லை மேடம். என் வாய்ச்சொல்லை நம்பி உட்கார்ந்தார்கள்.

கம்பெனிக்கு நீங்கள் எழுதிய பதிலைத் தேடினேன். மின்னஞ்சலில் இல்லை, நோட்டுகளில் இல்லை. சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. முதலாமாண்டு மாணவனுக்கே அன்றைக்கே பதில் போடுகிறவர், இதற்கு மட்டும் ஏன் போடவில்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவுகள் இருக்கிற ஹார்ட் டிஸ்க் இப்போது என்னிடம். அது தெரிந்து அதே கம்பெனி எனக்கும் எழுதியிருக்கிறது. வேலையும் தருவார்களாம்.

போன ஞாயிறு காலை பாலக்கோட்டு மண்டிக்குப் போய் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொதிப்பாள் என்று நினைத்தேன். தக்காளி பிரிக்கிற அவள் கை நிற்கவே இல்லை.

"அந்தம்மா குடுத்துட்டாங்களா?"

தெரியவில்லை, கொடுத்த மாதிரி ஒன்றும் இல்லை என்றேன்.

"இப்ப யாருகிட்ட இருக்குது?"

"எங்கிட்டதான்."

"அவங்க உன்னையக் கேட்டு எத்தன நாளாச்சு?"

"ரெண்டு வாரம்."

அப்போதுதான் கை நின்றது. "ஏங்கண்ணு, ரெண்டு வாரமா நீ ஏன் முடியாதுன்னு சொல்லல? செத்தவங்களயே நோண்டிட்டு இருக்கறயே, நான் பயப்பட வேண்டியது உன்னையத்தான்."

பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் அவள் கேட்டதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். அந்த வேலைக் கடிதத்தை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மேல் எவ்வளவு பழி சேர்கிறதோ, அவ்வளவு என் மௌனம் சின்னதாகத் தெரிந்தது.

இன்று காலை கம்பெனிக்கு முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். சித்திக்கு போன் செய்து படித்தும் காட்டினேன். "சரி, பாப்போம்" என்றாள். அவ்வளவுதான். இனி அவள் என்னை முழுசாக நம்புவாள் என்று தோன்றவில்லை. நம்பவும் வேண்டாம்.

உங்களையும் நான் விட்டுவிடவில்லை. நமக்குப் பிடித்த முடிவு வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படு என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். உங்களை நல்லவர் என்று முடிவுகட்ட எனக்கு மிகவும் பிடிக்கும். அதனாலேயே தேடிக்கொண்டிருப்பேன். கம்பெனிக்கு நீங்கள் போட்ட பதில் கிடைத்தால், எதுவாக இருந்தாலும், மண்டிக்குப் போய் அந்த இருபத்தோரு பேர் முன்னால் உரக்கப் படிப்பேன். அவர்களைக் கேட்காமல் ஒரு விரலின் பதிவுகூட என்னிடமிருந்து வெளியே போகாது. இது சத்தியம், மேடம்.

இப்படிக்கு,
உங்கள் கடைசி மாணவி,
தக்காளி மண்டி ராஜம்மாவின் அக்கா மகள்